துரையின் ஜீப்பிலிருந்து வீட்டு வாகனம் வரை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அன்று முதல் பதுளையிலும் பசறை, பண்டாரவளைப் பக்கங்களிலும் நான் சந்திக்கும் நம்மவர்கள் பலரது பேச்சில் ஒரு கேள்வி தவறாது இடம்பெறுகிறது. தாய் தந்தையர், பிள்ளைகள் என ஏழு பேர் வசதியாக அமரக்கூடிய, மலைப்பாதையில் மூச்சு வாங்காமல் ஏறக்கூடிய பெரிய வாகனம் ஒன்றை வாங்க வேண்டும். புதிதாக வாங்குவதா, ஓடியதை வாங்குவதா என்பதே அக்கேள்வி. கேட்பவர்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மரக்கறி வியாபாரிகள் இருக்கிறார்கள். கொழும்பில் கடை வைத்திருப்பவர்களும் வெளிநாட்டில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் அநேகரின் பாட்டனார்கள் நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டங்களில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள்.

இக்கேள்விக்கு விலைப்பட்டியலைப் பார்த்து விடை சொல்லிவிடலாம். ஆனால் ஊவாவின் மலைத் தோட்டங்களில் பெரிய வாகனத்தின் விலையை அதன் இரும்பும் இயந்திரமும் ஒருபோதும் தீர்மானித்ததில்லை. யார் அதில் ஏறலாம், யார் அதை இறக்குமதி செய்யலாம், யாருக்கு வரிச்சலுகை என்று விதித்த அதிகாரமே அதனைத் தீர்மானித்து வந்திருக்கிறது. ஆகவே வாங்க நினைப்பவர் ஒருமுறை வரலாற்றையும் புரட்டிப் பார்ப்பது நல்லது என்று நான் கருதுகிறேன்.

வாகனத்துக்கு முன்பு வீதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2,036 மீற்றர் உயரமுள்ள நமுனுகுல, ஒன்பது சிகரங்களைக் கொண்டது என்ற பொருளில் பெயர் பெற்ற மலை. அதன் சரிவுகளைச் சுற்றிப் பதுளை, ஸ்பிரிங்வெலி, பசறை, கனவரல்லை, எல்ல என்று நீளும் பாதைகள் கோப்பிக்காலத்தின் பிள்ளைகள். 1840களில் பதுளையில் பிரித்தானிய அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ், யானை வேட்டைக்காகப் பேர்போனவர். ஊவாவில் வீதிகளை அமைத்தவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம் அவரது ஞாபகார்த்தமாக எழுந்ததே. அவரது பெயர் கல்லில் இருக்கிறது. மண்வெட்டியும் கூடையும் ஏந்தி அப்பாதைகளை வெட்டிய கூலிகளின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

1869இல் மடுல்சீமையில்தான் கோப்பி இலைத் துருநோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறியதே ஒழிய போக்குவரத்தின் ஒழுங்கு மாறவில்லை. துரைக்குக் குதிரை, விளைச்சலுக்கு மாட்டு வண்டி, தொழிலாளிக்குக் கால்நடை. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளினூடாக மலைநாடு நோக்கி நடந்தார்கள். வழியில் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் எத்தனையோ பேர் பலியானார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றாலும் கடன் தீர்ந்ததைக் காட்டும் 'துண்டு' கையில் இருக்க வேண்டும். 1921இல் துண்டுமுறை ஒழிக்கப்படும் வரை, கால்கள் இருந்தும் விரும்பிய இடத்துக்கு நடந்துபோகும் உரிமைகூடத் தொழிலாளிக்கு முழுமையாக இருக்கவில்லை. புகையிரதம் பதுளையை எட்டியது 1924இல். அது முதன்மையாகத் தேயிலைப் பெட்டிகளுக்காக வந்தது. மனிதர்களும் அதில் ஏறிக்கொண்டார்கள்.

மோட்டார் கார் இலங்கைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1904ஆம் ஆண்டிலேயே ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் என்ற சங்கம் தோன்றிவிட்டது. ஆனால் நகர வீதிக்கென்று செய்யப்பட்ட கார், மழைக்காலத்தில் தோட்டப் பாதையில் முழங்கால் வரை சேற்றில் நின்றுவிடும். அந்தச் சேற்றை வென்றது போர் தந்த வாகனம். 1944இல் மவுன்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தபோது, அமெரிக்க ஜீப் வண்டிகள் மலையகத்துக்குப் பழக்கமாயின. நான்கு சில்லுகளும் சேர்ந்து இழுக்கும் வண்டி என்பதை நம் மக்கள் கண்டது அப்போதுதான்.

போர் முடிந்த பின் இங்கிலாந்தில், ரோவர் நிறுவனத்தின் மொரிஸ் வில்க்ஸ் என்பவர் ஆங்கிள்சித் தீவிலுள்ள தமது பண்ணையில் பழைய ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்துபோனால் அதற்கு ஈடாக வேறென்ன இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே லேன்ட் ரோவர். உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் அது உலகுக்குக் காட்டப்பட்டது. துருப்பிடிக்காத உடல், தட்டையான தகடுகள், எந்தப் பட்டறையிலும் கழற்றிப் பூட்டக்கூடிய எளிய அமைப்பு ஆகியவை மழை ஓயாத மலைநாட்டுக்கென்றே அளந்து செய்ததுபோல் அமைந்துவிட்டன. ஐம்பதுகளில் தொடங்கி அது தோட்டத் துரையின் வாகனமாயிற்று.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேய விவசாயிக்கு லேன்ட் ரோவர் சொந்த உடைமை. வார நாளில் வைக்கோல் ஏற்றுவான். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தேவாலயம் போவான். நம் மலையில் அது பதவியோடு ஒட்டிய பொருள். பெரிய துரைக்கு ஜீப். சின்ன துரைக்கு மோட்டார் சைக்கிள். கண்டக்கையாவுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கால்கள். துரை மாறிப் போனாலும் ஜீப் பங்களாவிலேயே இருக்கும். வளைவில் அதன் சத்தம் கேட்டதும் மலையில் பேச்சு நின்றுவிடும் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்ஸ்டர்டாமில் அந்த வண்டி காட்டப்பட்ட அதே 1948ஆம் ஆண்டில்தான் இலங்கைப் பாராளுமன்றம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. பாதையை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாடற்றவர்களாக நின்ற காலத்தில் அப்பாதையில் புதிய வாகனம் ஏறிவந்தது.

வாகனத்தின் இலக்கத்தகட்டுக்கும் இரத்தக்கறை படிந்த ஒரு வரலாறு உண்டு. ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் பொறிக்க வேண்டுமென்ற விதி 1957இல் நடைமுறைக்கு வந்தது. தமிழர் பகுதிகளில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. மறு ஆண்டு அது மலையகத்தையும் எட்டியது. 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் பொலிசார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். அதே மாதம் 9ஆம் திகதி பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. அடுத்த மாதம் நாடெங்கும் கலவரம் வெடித்தது. சொந்தமாக ஒரு துவிச்சக்கர வண்டிகூட இல்லாத மக்கள், தாம் ஒருபோதும் வாங்க முடியாத மோட்டார் வாகனத்தின் எழுத்தொன்றுக்காக உயிர் கொடுத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று 'ஸ்ரீ' தகட்டோடு ஓடும் பழைய லேன்ட் ரோவருக்குப் பழம்பொருள் விரும்பிகளிடம் தனி மதிப்பு இருக்கிறது.

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் ஏற்பாடு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பத்து ஆண்டுகள் கழித்து 1974இல் இரு நாடுகளுக்கிடையே சமபாதியாகப் பங்கிடப்பட்டது. தகரப் பெட்டிகளையும் மூட்டைகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு, ஊவாவின் குடும்பங்கள் பதுளை, தெமோதரை, பண்டாரவளை நிலையங்களுக்குப் போய்த் தலைமன்னார் வழியே கப்பலேறின. பல குடும்பங்கள் பாட்டன் முதல் கைக்குழந்தை வரை ஒன்றாக ஒரு பெரிய வாகனத்தில் ஏறியமர்ந்தது அந்த ஒரு பயணத்தில்தான்.

1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்ற உச்சவரம்பை விதித்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் போனார்கள். அவர்களது பங்களாவும் ஜீப்பும் புதியவர்களின் கைக்கு வந்தன. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தபோதும் அந்த ஜீப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் புதிய வாகன இறக்குமதி அருகிப்போன அந்த ஆண்டுகளில் மலைநாட்டு மெக்கானிக்குகள் படைத்த வித்தைகள் பல. ஒன்றின் கியர்ப்பெட்டியை இன்னொன்றுக்குப் பூட்டினார்கள். பெற்றோல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் இயந்திரத்தை இறக்கினார்கள். பழைய லேன்ட் ரோவர்கள் ஏலத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது அவற்றை வாங்கியோர் பெரும்பாலும் நகர வியாபாரிகள். பெரிய வாகனம் பங்களாவிலிருந்து ஒரு படி கீழே இறங்கியது அப்போதுதான்.

அடுத்த படி 1977. ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோது ஜப்பானின் பழைய வாகனங்கள் கொழும்புத் துறைமுகத்தில் வந்து குவிந்தன. ஜப்பானியர் நல்ல நிலையிலுள்ள வாகனத்தை ஏன் விற்றுத் தள்ளுகிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. அங்கே புதிய காருக்கு மூன்று ஆண்டுகள் கழித்து முதற் பரிசோதனையும், அதன் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனையும் கட்டாயம். ஒவ்வொரு தடவையும் ஏற்படும் செலவைக் கணக்குப் பார்த்தால் விற்றுவிடுவதே இலாபம். நம்மைப் போலவே அவர்களும் வீதியின் இடப்பக்கம் ஓட்டுபவர்களாதலால் சுக்கானை மாற்ற வேண்டியதில்லை. இப்படித்தான் 'ரீகண்டிஷன்' என்ற சொல் சிங்களத்திலும் தமிழிலும் ஒன்றுபோல வேரூன்றியது.

1982இல் மிட்சுபிஷி நிறுவனம் பஜிரோவை வெளியிட்டது. 1985இல் அது பாரிஸ் - டக்கார் பாலைவன ஓட்டப் பந்தயத்தை வென்றது. நம் நாட்டில் அது வென்றது அரசியலை. அமைச்சர், பாராளுமன்ற உறுப்பினர், 1988இல் மாகாண சபைகள் வந்தபின் மாகாண அமைச்சர் என்று எல்லோருக்கும் அது அடையாளச் சின்னமாயிற்று. 'அவருக்குப் பஜிரோ கிடைத்துவிட்டது' என்றால் அவர் பதவிக்கு வந்துவிட்டார் என்று பொருள். தேர்தல் காலத்தில் லயத்து வாசலில் பஜிரோ வந்து நின்றதையும், தேர்தல் முடிந்ததும் அந்தப் பாதை அதற்கு மறந்துபோனதையும் செய்தியாளனாக நான் பலமுறை கண்டிருக்கிறேன். துரையின் ஜீப்பைக் கண்டு ஒதுங்கி நின்ற மக்கள் தம் தலைவர்களின் பஜிரோவுக்கு மாலையோடு காத்து நின்றார்கள்.

இதனோடு சேர்ந்து வளர்ந்ததே 'பெர்மிட்' என்னும் சலுகை வரி அனுமதிப்பத்திர முறை. மக்கள் பிரதிநிதிகள், நிறைவேற்றுத் தர அரச அதிகாரிகள், வைத்தியர்கள், பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் ஆகியோர் முழு வரி செலுத்தாமல் வாகனம் இறக்குமதி செய்ய அது வழிவகுத்தது. அரச ஊழியருக்கு அது குறைந்த சம்பளத்துக்கு ஈடான சலுகை என்று நியாயம் சொல்லலாம். ஆனால் அரசியல்வாதிகள் பலர் அந்தப் பத்திரத்தையே இலட்சக்கணக்கில் கைமாற்றியது நாடறிந்த செய்தி. சாதாரணக் குடும்பம் முழு வரியையும் கொடுத்து வாங்க வேண்டிய அதே வாகனம், பதவியில் இருப்பவருக்கு அதில் ஒரு பங்கு விலையில் கிடைத்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர் துரைமாருக்கு டபல் கெப் வந்தது. வாகனத்தின் பெயர்தான் மாறியது. அது பதவியோடு வருவதும் போவதும் மாறவில்லை.

குடும்பத்தின் வாகனம் வேறொரு பாதையால் வந்தது. மலையகத்துத் தமிழ்க் குடும்பம் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய பெரிய வாகனம் வேன். 'டொல்பின்' என்று செல்லப்பெயர் பெற்ற டொயோட்டா ஹைஏஸை எண்பதுகளின் இறுதியிலிருந்து பதுளை வீதிகளில் காணலாம். அதை வாங்கியவர் காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவார். பகலில் வாடகைக்கு விடுவார். ஆடி மாதம் வெள்ளவாய வழியே கதிர்காமத்துக்கு உறவினரை அழைத்துப் போவார். கலியாணத்துக்கும் சாவுக்கும் அதுவே. வண்டி உழைத்து லீசிங் தவணையைத் தானே கட்ட வேண்டும் என்பதே கணக்கு. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்று, அங்கே படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் ஆன பிறகுதான், உழைக்காமல் வீட்டு வாசலில் நிற்கும் வாகனம் என்ற ஒன்றை நம் மக்களில் சிலராவது எண்ணிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்த எண்ணம் வெறும் ஆடம்பர ஆசையன்று. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் லுணுகலையிலிருந்து வந்த பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெள்ளவாய வீதியில் இன்னொரு பேருந்து வீழ்ந்து 15 பேர் மாண்டனர். தன் பிள்ளைகளைத் தானே கொண்டுபோய் விட வேண்டும் என்று ஒரு தகப்பன் நினைப்பதற்கு இந்தப் பாதைகளில் போதிய காரணம் இருக்கிறது.

இனி அண்மைய ஐந்தாண்டுகளைப் பார்ப்போம். இறக்குமதி நின்றதும் நாட்டுக்குள் இருந்த வாகனங்களின் விலை ஏறியது. ஐந்து ஆண்டுகள் ஓட்டிய வாகனத்தை வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்கள் உண்டு. வாகனம் தங்கத்தைப் போன்ற சேமிப்பாகிவிட்டது. 2022 ஜூன் 26ஆம் திகதி பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகவும் டீசல் 460 ரூபாவாகவும் உயர்ந்து, கியூ.ஆர். குறியீட்டோடு வாராந்தம் அளந்து கொடுத்த நாட்களில் பெரிய வாகனங்கள் வீட்டு முற்றத்தில் உறங்கின. அப்போதும் அவற்றின் விலை மட்டும் உறங்கவில்லை.

2025இல் கதவு திறந்தபோது விலை வீழ்ந்துவிடும் என்று காத்திருந்தவர்களுக்கு வரிப்பட்டியல் பதில் சொன்னது. சுங்கத் தீர்வை, அந்தத் தீர்வையின் மீது 50 சதவீத மேலதிகக் கட்டணம், இயந்திரத்தின் கொள்ளளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி, குறித்த பெறுமதியைத் தாண்டினால் ஆடம்பர வரி, இவற்றுக்கு மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி என்று அடுக்கப்பட்டிருந்தது. கொள்ளளவு கூடக்கூட உற்பத்தி வரி ஏறுவதால், பெரிய வாகனம் வாங்குபவர் தரும் பணத்தின் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போகாமல் திறைசேரிக்கே போகிறது.

ஒரு சிறு கணக்கு. 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், அரசு தரும் 200 ரூபா வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா. மாதம் 25 நாள் தவறாமல் வேலைக்குப் போனால் 43,750 ரூபா. ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஒரு கோடி ரூபா சேர 19 ஆண்டுகள் ஆகும். முழு அளவிலான புதிய ஜீப் வாகனமோ ஒரு கோடியையும் எட்டாத உயரத்தில் நிற்கிறது.

அப்படியானால் புதியதா, பழையதா? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் அளவைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டு லேன்ட் ரோவரின் அகலம் ஏறத்தாழ 1.55 மீற்றர். 2021இல் வந்த லேன்ட் குரூசர் 300இன் அகலம் 1.98 மீற்றர். வண்டிகள் அகன்றுகொண்டு போகின்றன. மாட்டு வண்டிக்கு வெட்டப்பட்டுப் பின் லொறிக்காகக் கொஞ்சம் செதுக்கப்பட்ட தோட்டப் பாதைகளோ பெரும்பாலும் அகலவில்லை. கொண்டை ஊசி வளைவில் எதிரே கொழுந்து லொறி வந்தால் யார் பின்வாங்குவது என்பதே நமுனுகுலப் பாதையின் நடைமுறைக் கேள்வி. எனவே ஏழு இருக்கையுள்ள நடுத்தர அளவு வாகனம் இங்கே முழு அளவு வாகனத்தைவிட உதவும். சில்லு நான்கும் இழுக்க வேண்டியதில்லை என்றாலும் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள உயரம் இருக்க வேண்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இயந்திரத்தாலேயே வேகத்தைப் பிடிக்கக்கூடியதா என்பதைப் பார்க்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் மலை இதுவன்று.

பழையதை வாங்குவதானால் இலக்கத்தகட்டையே வாசிக்கப் பழகலாம். 'ஸ்ரீ' எழுத்துக்குப் பின் வெறும் எண்கள் வந்தன, 2000ஆம் ஆண்டில் மாகாணக் குறியோடு ஆங்கில எழுத்துகள் வந்தன, ஊவாவுக்கு 'யு.பி.' என்ற குறி. 2023 முதல் புதிய தகடுகளில் மாகாணக் குறி நீக்கப்பட்டது. தகடு பதிவான காலத்தைச் சொல்லும்; வாகனம் தயாரான ஆண்டைப் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும். அதே புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், விற்பவர் இன்னும் கடன் கட்டி முடிக்கவில்லை என்று பொருள். 'ஓப்பன் பேப்பர்' என்று கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு கைமாறும் வாகனத்தை எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். ரீகண்டிஷன் என்றால் ஜப்பானிய ஏலப் பத்திரத்தைக் கேட்டு ஓடிய தூரத்தை ஒப்பிடுங்கள். அங்கே பனிக்கு உப்புத் தூவும் பிரதேசங்களில் ஓடிய வண்டியின் அடிப்பாகம் துருவேறியிருக்கும். மேலே பளபளப்பாகவே இருக்கும். பஜிரோ மீது ஆசை உள்ளவர்கள் அதன் தயாரிப்பு 2021இல் முற்றாக நின்றுவிட்டதையும் மனதில் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, வாகனத்தைச் சேமிப்பாக நினைத்து வாங்காதீர்கள். கடந்த ஐந்தாண்டில் விலை ஏறியது ஒரு வர்த்தமானி அறிவித்தலால். அடுத்து இறங்கினால் அதுவும் ஒரு வர்த்தமானியால்தான். ஒரு கையெழுத்தில் மாறும் பெறுமதியை நம்பி அம்மாவின் நகையையும் ஊழியர் சேமலாப நிதியையும் லீசிங்கில் கொட்டுவது அறிவுடைமையாகாது. குடும்பத்துக்குப் பயன்படும் அளவுக்கு, முதற்கையில் இருந்த, பராமரிப்புப் பதிவுள்ள ஓடிய வாகனம் ஒன்றை வாங்கி மீதியைக் கையில் வைத்திருப்பதே நம்மவரின் நிலைக்குப் பொருத்தமானது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் வாங்கிய வாகனத்தை எங்கே நிறுத்துவது? இது வேடிக்கைக் கேள்வியன்று. ஆசிரியராகவும் வியாபாரியாகவும் உயர்ந்த பலரது பெற்றோர் இன்றும் லயத்தில்தான் வாழ்கிறார்கள். லயத்து முற்றம் தோட்டத்துக்குச் சொந்தம். அங்கே ஒரு கூரை போட்டு வாகனத்தை விடுவதற்கும், படிக்கட்டை வெட்டி வண்டி ஏறும் சரிவாக்குவதற்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு என்ற திட்டம் 2015இன் பின்னர் பேசப்பட்டு ஓரளவு நிறைவேறியது. இருந்தும் பல்லாயிரம் குடும்பங்களின் கையில் காணி உறுதி இல்லை. ஆகையால் மகனின் வாகனம் தொழிற்சாலைச் சந்தியில் நிற்கிறது. தாயைப் பார்க்க அவன் அங்கிருந்து நடந்து ஏறுகிறான். நோயாளியான தாயை இறக்க வேண்டுமென்றால் சந்தி வரை யாராவது தூக்கி வர வேண்டும். 2016இல் தொடங்கிய '1990' சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை நாடெங்கும் விரிந்தது நம் மக்களுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். ஆயினும் அதுவும் அந்தச் சந்தியைத் தாண்டிப் பல இடங்களுக்கு ஏற முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டத்தின் மண்சரிவுகள் வீதிகளையே அறுத்துக்கொண்டு போனபோது, விலை உயர்ந்த வண்டியும் முச்சக்கர வண்டியும் ஒரே இடத்தில் நின்றன.

துரையிடமிருந்து வியாபாரிக்கும், அரசியல்வாதியிடமிருந்து ஆசிரியருக்கும் என்று பெரிய வாகனம் இறங்கி வர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். அவர்களது பாட்டன்மார் வெட்டிய பாதையில் அவர்கள் ஓட்டிச் செல்வதில் எனக்கு மகிழ்ச்சியே. மலையகத் தமிழன் தன் பெயரில் வாகனப் புத்தகம் எடுக்க இன்று தடை ஏதும் இல்லை. தன் தாய் குடியிருக்கும் மண்ணுக்குத் தன் பெயரில் உறுதி எடுக்கத்தான் இன்னும் தடை இருக்கிறது. வாகனக் கடை வாசலில் கேட்கும் அதே அக்கறையோடு இக்கேள்வியையும் நம் பிரதிநிதிகளின் வாசலில் கேட்க வேண்டும். அவர்களிடம் கேட்பதற்கு எந்த வரியும் இல்லை.